மண் பூசணங்களைப் புரதப் பட்டையாலும் நொதிப் பட்டையாலும் பிரித்தறிய: தோட்டத்து மண்ணிலிருந்து ஜெல் வரை முழுமையான வழிகாட்டி

களக்காட்டு வாழைத் தோட்டத்திலிருந்து ஐந்து, கோவில்பட்டிக் கரிசலிலிருந்து ஐந்து, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலிலிருந்து இரண்டு என்று பன்னிரண்டு டிரைக்கோடெர்மா (மண்ணில் வாழும் ஒரு பூசணப் பேரினம்) தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே பச்சை. நுண்ணோக்கியில் வைத்தாலும் கிளைத்த காம்பும் உருண்டை வித்துமாக ஒன்றைப்போல ஒன்று இருக்கும். ஆனால் ஒன்று வாடல் பூசணத்தின்மேல் ஏறி மூடிவிடுகிறது, பக்கத்துத் தட்டில் இருப்பது பாதி வழியில் நின்றுவிடுகிறது. இவை வேறு வேறுதானா, அல்லது ஒன்றையே பன்னிரண்டு முறை எடுத்து வைத்திருக்கிறோமா? இந்தக் கேள்விக்குக் குறைந்த செலவில் பதில் சொல்வது புரத ஜெல்லும் ஐசோசைம் ஜெல்லும். பூசணச் சாற்றில் இருக்கும் புரதங்களை மின்சாரத்தால் ஜெல்லில் ஓட்டிப் பட்டைகளாகப் பிரிப்பது முதலாவது, ஒரே வேலையைச் செய்யும் நொதியின் வேறு வேறு வடிவங்களை (ஐசோசைம்) அப்படிப் பிரிப்பது இரண்டாவது.

முதுகலை, ஆய்வு மாணவர்கள் இந்த வேலையைச் செய்யும்போது பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தவறுகள் பெரும்பாலும் ஜெல்லில் நடப்பதில்லை. ஜெல்லுக்குப் பத்து நாள் முன்பே நடந்துவிடுகின்றன. அதனால் முன்வேலைக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

இந்த முறை இரண்டு ஐசோலேட்டுகள் (மண்ணிலிருந்து தனியாகப் பிரித்து வளர்த்த பூசணங்கள்) ஒன்றா வேறா என்று சொல்லும், எவ்வளவு நெருக்கம் என்று ஓரளவு சொல்லும். இனத்தின் பெயரைச் சொல்லாது. ஜெல்லைப் பார்த்து ‘இது ஹார்சியானம்’ என்று எழுத முடியாது. பெயர் வேண்டுமென்றால் உருவ அமைப்பும் டி.என்.ஏ. வரிசையும் வேண்டும். டிரைக்கோடெர்மாவுக்கும் வாடல் நோய்ப் பூசணமான ஃபியூசேரியத்துக்கும், வழக்கமாகப் பார்க்கும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி மட்டும் போதாது, டெஃப்-1 மரபணுவும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இந்த ஜெல் எதற்கு? அறுபது ஐசோலேட் கையில் இருக்கிறது, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தப் பணம் இல்லை. பட்டை அமைப்பைக் கொண்டு குழு பிரித்து, குழுவுக்கு ஒன்றிரண்டை மட்டும் அனுப்பலாம். ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பார்க்கவும் இது உதவும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குளிர் சென்ட்ரிஃப்யூஜ், செங்குத்து ஜெல் தொட்டி, பவர் பேக், ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், பி.எச். மீட்டர், மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசர் ஆகியவை வேண்டும். இவற்றில் எதையாவது இன்னொரு துறையில் கேட்டு வாங்க வேண்டியிருந்தால், எந்த நாளில் கிடைக்கும் என்பதை உறுதி செய்த பிறகே பூசணத்தைக் குடுவையில் போடுங்கள். ஐந்தாம் நாள் அறுவடை செய்ய வேண்டிய குடுவை சென்ட்ரிஃப்யூஜுக்காக எட்டாம் நாள் வரை காத்திருந்தால், உள்ளே இருப்பது நீங்கள் ஒப்பிட நினைத்த பூசணம் அல்ல.

ரசாயனங்களில் நொதிச் சாயத்துக்கு (ஜெல்லில் நொதி இருக்கும் இடத்தை நிறமாகக் காட்டும் கரைசல்) உரியவற்றை முன்கூட்டியே வாங்குங்கள். ஃபாஸ்ட் புளூ ஆர்.ஆர்., என்.பி.டி., என்.ஏ.டி. போன்றவை வெப்பத்தில் கெடும். அலமாரியில் வெயில் படும் தட்டில் இரண்டு கோடை கண்ட பாட்டிலை நம்பாதீர்கள்.

தண்ணீர் இருமுறை வடித்ததாக இருக்கட்டும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். ஒழுங்காக வடிக்காத நீரில் கரைத்த பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) ஜெல்லைச் சூடாக்கும், பட்டையை வளைக்கும்.

பாதுகாப்பு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜெல்லாக இறுகாத அக்ரிலமைடு நரம்பு நஞ்சு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது, பொடியை எடை போடும்போது முகக்கவசம் கட்டாயம். பழைய செய்முறை நோட்டுகளில் பெராக்சிடேஸ் சாயத்துக்குப் பென்சிடின் எழுதியிருக்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அதைத் தொடவே வேண்டாம், குவாயகால் போதும். ஆஸ்பெர்ஜில்லஸ் தட்டுகளைக் கிடைமட்டக் காற்றோட்ட லாமினாரில் திறந்தால் வித்து முழுதும் உங்கள் முகத்துக்குத்தான் வரும். உயிரிப்பாதுகாப்புப் பெட்டியில் வைத்துத் திறங்கள்.

3. மண் எடுப்பது

மேல் சருகை ஒதுக்கிவிட்டு 15 செ.மீ. ஆழம் வரை ‘வி’ வடிவக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். ஒரு தோட்டத்தில் ஐந்து இடம், ஐந்தையும் கலந்து ஒரு மாதிரி. வேர்மண் வேண்டுமென்றால் வேரைப் பிடுங்கி உதறி, ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணை மட்டும் எடுங்கள். வேர்மண்ணையும் வெறும் மண்ணையும் ஒரே பையில் போடாதீர்கள். அங்கே வாழும் பூசணக் கூட்டம் வேறு, இங்கே வாழ்வது வேறு.

மண்ணை எடுக்குமுன் தோட்டக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். “அண்ணாச்சி, வேர்ல மருந்து கடைசியா எப்ப ஊத்துனிய?” என்று கேட்டபோது, “போன வாரந்தான் தம்பி, வாடலுக்கு கார்பெண்டசிம் ஊத்துனோம்” என்று ஏர்வாடிப் பக்கம் ஒருவர் சொன்னார். அந்தத் தோட்டத்தை விட்டுவிட்டு வந்தோம். மருந்து ஊற்றிய மண்ணில் மருந்தைத் தாங்கியவை மட்டுமே முளைக்கும். அதை அந்த ஊர் மண்ணின் இயல்பு என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

கார் நெல் சாகுபடிக்கு முன் எடுத்ததையும் பிசான நெல் அறுவடைக்குப் பின் எடுத்ததையும் ஒன்றாக ஒப்பிட வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரே பருவத்தில், முடிந்தால் ஒரே வாரத்தில் எடுங்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் மண் எடுப்பதானால் வனத்துறை அனுமதி முதலில் வேண்டும். அது கைக்கு வர நாளாகும், திட்டத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பையில் ஊர், பயிர், மண் வகை, தேதி எழுதி, ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் இரண்டு மணி நேரம் கிடந்த மண்ணில், சூட்டைத் தாங்கும் ஆஸ்பெர்ஜில்லஸ்கள் மற்றவற்றை முந்திக்கொள்ளும்.

4. பிரித்தெடுப்பதும் ஒற்றை வித்தாக்குவதும்

10 கிராம் மண், 90 மி.லி. கிருமி நீக்கிய நீர். அங்கிருந்து 1 மி.லி. எடுத்து 9 மி.லி. நீரில், மறுபடி அப்படியே. கரிசலுக்கும் வண்டலுக்கும் ஆயிரத்தில் ஒன்றும் பத்தாயிரத்தில் ஒன்றும் சரியாக வரும். தேரி மணலில் அங்ககப் பொருள் மிகக் குறைவு என்பதால் நூறில் ஒன்றையும் சேர்த்து ஊற்றிப் பாருங்கள்.

ஊடகம் ரோஸ் பெங்கால் அகார், பாக்டீரியாவைத் தடுக்கக் குளோராம்ஃபெனிகால் சேர்த்தது. ரோஸ் பெங்கால் வெளிச்சம் பட்டால் பூசணத்துக்கே நஞ்சாக மாறும். ஊற்றிய தட்டுகளை ஜன்னலோரம் அடுக்கிவிட்டு ‘ஒன்றும் வளரவில்லை’ என்று வந்து நிற்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. கறுப்புத் தாளில் சுற்றி வையுங்கள்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஆய்வகத்துக்குள் புழுதியையும் வித்தையும் கொண்டுவந்து கொட்டும். அந்த மாதங்களில் ஊடகம் மட்டும் ஊற்றிய இரண்டு வெறும் தட்டுகளை ஒவ்வொரு தொகுதியோடும் வையுங்கள். அதில் வளர்ந்தது மற்றத் தட்டுகளிலும் இருந்தால், அது உங்கள் மண்ணிலிருந்து வந்ததாக இராது.

இனி யாரும் தவிர்க்கக் கூடாத படி. தட்டில் தனியாகத் தெரியும் கூட்டம் தனியானது அல்ல, அடியில் இரண்டு பூசண இழைகள் பின்னியிருக்கலாம். வித்துக் கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து, 2 சதவீத வெறும் அகாரில் பரப்பி, 12 முதல் 18 மணி நேரம் கழித்துக் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். முளைக்குழாய் விட்டுத் தனியாகக் கிடக்கும் ஒரு வித்தை, சுற்றியுள்ள அகாரோடு ஊசியால் வெட்டி எடுத்துப் புதிய தட்டில் வையுங்கள். ரைசாக்டோனியா போல வித்து விடாதவற்றுக்கு இழை நுனியை வெட்டுங்கள்.

கலப்பை ஜெல்லில் ஏற்றினால் இரண்டு பூசணங்களின் பட்டைகளும் சேர்ந்து ஒரு தடத்தில் விழும். பார்க்க மிக அழகாக, ‘பல பட்டைகள் கொண்ட சிறப்பு ஐசோலேட்’ போலத் தெரியும். அப்படி ஒன்று தென்பட்டால் மகிழ்வதற்கு முன் ஒற்றை வித்துக்குத் திரும்புங்கள்.

ஒற்றை வித்திலிருந்து வந்ததைச் சாய்வுக் குழாயில் ஏற்றி 4 டிகிரியில் ஒன்று, 15 முதல் 20 சதவீத கிளிசராலில் ஆழ்குளிரில் ஒன்று என இரண்டு பிரதி வையுங்கள். ஜெல்லுக்கான வளர்ப்பை எப்போதும் இந்தச் சேமிப்பிலிருந்தே தொடங்குங்கள். பத்து முறை தட்டு மாற்றி வளர்த்தது பழைய குணத்திலேயே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

5. ஒரே வயது, ஒரே ஊட்டம், ஒரே சூடு

நான் சொல்ல வந்ததன் மையம் இந்தப் பகுதிதான்.

நொதி என்பது பூசணத்தின் உடம்பில் நிரந்தரமாக ஒட்டிக்கிடக்கும் அடையாளச் சீட்டு அல்ல. அன்றைக்குத் தேவையான நொதியைத்தான் அது அன்றைக்குச் செய்யும். சர்க்கரை தீர்ந்தால் ஒன்று, வித்து விடத் தொடங்கினால் ஒன்று, சூடு ஏறினால் ஒன்று. ஆகவே வளர்ப்பில் செய்யும் ஒவ்வொரு வேறுபாடும் ஜெல்லில் பட்டையாக வந்து நிற்கும். பட்டை மாறினால் பூசணம் வேறு என்று முடிவு கட்டுமுன், வளர்த்த விதம் மாறியதா என்று கேட்க வேண்டும்.

எனக்கே நடந்தது. பதினான்கு ஐசோலேட்டுகள், பாதி தாமிரபரணி வண்டல், பாதி கரிசல். எஸ்டரேஸ் என்ற நொதிக்கான ஜெல் ஓட்டி, கணக்குப் போட்டு, ஒப்புமையைக் காட்டும் கிளைப்படம் வரைந்தால் கத்தியால் வெட்டியதுபோல இரண்டு குழு. வண்டல் ஒரு பக்கம், கரிசல் ஒரு பக்கம். மண் வகையே பூசணத்தைப் பிரித்திருக்கிறது என்று தலைப்பும் எழுதிவிட்டேன். எழுதும்போது வளர்ப்பு நோட்டைப் புரட்டினால், வண்டல் ஏழும் நாங்களே உருளைக்கிழங்கு வேகவைத்து வடித்த சாற்றில் வளர்ந்தவை. கிழங்கு தீர்ந்ததும் கரிசல் ஏழையும் கடைப் பொடி ஊடகத்தில் வளர்த்திருந்தோம். பதினான்கையும் ஒரே பொடியில், ஒரே நாளில் மறுபடி வளர்த்தேன். குழுக்கள் கலைந்தன. கரிசலுக்கே உரியது என்று நான் வட்டமிட்டிருந்த பட்டை வண்டல் ஐசோலேட்டுகள் ஏழில் நான்கிலும் வந்தது. இரண்டு மாத உழைப்பைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். எல்லாக் குடுவைக்கும் ஒரே பெட்டிப் பொடி, ஒரே நாளில் கரைத்து ஆட்டோகிளேவ் செய்தது. 250 மி.லி. குடுவையில் 100 மி.லி. உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் சாறு. நான்கு நாள் தட்டின் வளரும் விளிம்பிலிருந்து 5 மி.மீ. வட்டு மூன்று. 28 டிகிரி. குலுக்கு மேடையில் வைத்தால் எல்லாவற்றையும் வையுங்கள், அசையாமல் வைத்தால் எல்லாவற்றையும் அப்படியே வையுங்கள். டிரைக்கோடெர்மாவுக்கு 4 முதல் 5 நாள், ஃபியூசேரியத்துக்கு 6 முதல் 7 நாள். ஒரே பேரினத்துக்குள் ஒரே மணி நேரத்தில் அறுவடை. வித்து விட்டுப் பச்சை ஏறும் முன், நிறம் வெளுப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு ஐசோலேட்டுக்கும் மூன்று குடுவை. மின்சாரம் போகும் இரவுகளில் இன்குபேட்டர் எத்தனை டிகிரிக்கு ஏறியது என்று அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பமானியில் பார்த்துக் குறித்துவையுங்கள். ஒரே தொகுதிக்குள் எல்லாமே ஒன்றாகச் சூடானால் பெரிய பாதகம் இல்லை. ஒரு தொகுதி சூடாகி மற்றது ஆகாமல் இருந்தால்தான் சிக்கல்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால் ஊர் வாரியாகத் தொகுதி பிரிக்காதீர்கள், ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ஊரும் கலந்திருக்கட்டும். கூடவே ஒரு மேற்கோள் ஐசோலேட்டைத் தேர்ந்துகொண்டு அதை எல்லாத் தொகுதியிலும் வளர்த்து, எல்லா ஜெல்லிலும் ஒரு தடத்தில் ஏற்றுங்கள். அதன் பட்டை மாறினால் அன்றைய ஜெல்லை நம்பக் கூடாது.

6. அறுவடையும் சாறு எடுப்பதும்

வாட்மன் 1 தாளில் வடிகட்டி, குளிர்ந்த வடிநீரால் மூன்று முறை கழுவுங்கள். ஊடகச் சர்க்கரையும் பூசணம் வெளியே கக்கிய நொதிகளும் போக வேண்டும். இல்லையென்றால் உள்நொதியும் வெளிநொதியும் கலந்துவிடும். தாளுக்கிடையே அழுத்திப் பிழிந்து எடை போடுங்கள்.

1 கிராம் இழைக்கு 2 மி.லி. பஃபர். 100 மி.லி. பஃபருக்கு டிரிஸ் 1.21 கிராம், ஈ.டி.டி.ஏ. டைசோடியம் உப்பு 37 மி.கி., பி.வி.பி. 1 கிராம், கிளிசரால் 10 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பி.எச். 7.5-க்குக் கொண்டுவந்து நிரப்புங்கள். பி.வி.பி. ஃபீனால்களைப் பிடித்துவைக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் போன்ற கறுப்புப் பூசணங்களில் இது இல்லாவிட்டால் சாறு பழுப்பேறும், பட்டை தேய்ந்துவிடும்.

இந்தப் பஃபரை இரண்டு பாட்டிலாகப் பிரியுங்கள். எஸ்.டி.எஸ். (புரதத்தை விரித்துவிடும் சோப்புப் பொருள்) சேர்க்கும் ஜெல்லுக்கான பாட்டிலில் மட்டும் 1 மில்லிமோலார் பி.எம்.எஸ்.எஃப். சேருங்கள். புரதத்தைத் தின்னும் நொதிகளை அது தடுக்கும். அது நீரில் வேகமாகச் சிதையும் என்பதால் ஐசோபுரோப்பனாலில் கரைத்துவைத்து, அரைக்கும் வேளையில் கலக்க வேண்டும். நொதி ஜெல்லுக்கான பாட்டிலில் அதைச் சேர்க்கவே கூடாது. செரீன் வகை எஸ்டரேஸ்களையும் அது கொன்றுவிடும். எஸ்டரேஸ் பார்க்கத்தான் இத்தனை பாடு, அதை நாமே பஃபரில் அடைத்துவிடக் கூடாது. மெர்காப்டோஎத்தனாலும் அப்படியே. என்.பி.டி. சேர்க்கும் சாயங்களில் அது ஜெல் முழுவதையும் நீலமாக்கும்.

அரைப்பது திரவ நைட்ரஜனில் என்றால் மாவுபோல ஆகும்வரை. கிடைக்காத இடத்தில் கல்வத்தையும் குழவியையும் முந்தின இரவே ஃப்ரீசரில் வைத்து, அமிலத்தில் கழுவிய மணல் ஒரு சிட்டிகை போட்டு, ஐஸ் தட்டின்மேல் வைத்து அரையுங்கள். ஐஸ் போதவில்லை என்று மேசைமேல் அரைத்தால் நம் ஊர் மதியச் சூட்டில் பாதி நொதி அங்கேயே போய்விடும். காலை ஏழு மணிக்கு அரைப்பது நல்ல பழக்கம்.

பிறகு 4 டிகிரியில், 12,000 ஜி-யில் 20 நிமிடம் சுழற்றுங்கள். ‘ஜி’ வேறு, நிமிடச் சுற்று வேறு. உங்கள் ரோட்டரின் ஆரத்துக்கு எத்தனை சுற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல் தெளிவை 100 மைக்ரோலிட்டர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். ஒரு குழாயை ஒருமுறைதான் உருக்க வேண்டும். உருக்கி உறைத்து உருக்கினால் நொதிப் பட்டைகள் ஒவ்வொன்றாக மங்கும், அது வேறுபாடு போலவே தெரியும்.

7. புரதத்தை அளப்பது

பிராட்ஃபோர்டு முறை போதும். 595 நானோமீட்டரில் பார்க்க வேண்டும். லோரி முறைக்கு டிரிஸும் ஈ.டி.டி.ஏ.வும் இடையூறு. எஸ்.டி.எஸ். பிராட்ஃபோர்டையே கெடுக்கும் என்பதால் எஸ்.டி.எஸ். கலக்கும் முன் அளந்துவிடுங்கள். தர வளைவை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

சாறு மில்லிலிட்டருக்கு 2.5 மி.கி. என்று வந்தால் 25 மைக்ரோகிராமுக்கு 10 மைக்ரோலிட்டர் ஏற்ற வேண்டும். இந்தக் கணக்கைத் தவிர்த்து எல்லாத் தடத்திலும் ஒரே 20 மைக்ரோலிட்டர் ஏற்றுபவர்கள் உண்டு. நீர்த்த சாற்றில் மெல்லிய பட்டை தெரியாமல் போகும், ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

8. எஸ்.டி.எஸ். ஜெல்: மொத்தப் புரதம்

கீழ்ஜெல் 12 சதவீதம். 10 மி.லி.க்கு நீர் 3.3, முப்பது சதவீத அக்ரிலமைடு 4.0, 1.5 மோலார் டிரிஸ் பி.எச். 8.8 கரைசல் 2.5 மி.லி., பத்து சதவீத எஸ்.டி.எஸ். 0.1, பத்து சதவீத அம்மோனியம் பெர்சல்ஃபேட் 0.1 மி.லி., டெமெட் 4 மைக்ரோலிட்டர் (கடைசி இரண்டும் ஜெல்லை இறுகவைப்பவை). மேலே நீரோ ஐசோபுரோப்பனாலோ மெல்ல ஊற்றிக் காற்றைத் தடுங்கள். ஆக்சிஜன் ஜெல்லை இறுகவிடாது. மேல்ஜெல் 4 சதவீதம், பி.எச். 6.8. சித்திரை, வைகாசியில் ஜெல் ஊற்றி முடிப்பதற்குள்ளேயே இறுகும், கரைசல்களைக் குளிரவைத்து ஊற்றுங்கள். பெர்சல்ஃபேட்டை வாரம் ஒருமுறையாவது புதிதாகக் கரைக்க வேண்டும்.

மாதிரியோடு ஏற்று பஃபர் கலந்து 95 டிகிரியில் 5 நிமிடம், பிறகு ஒரு சுழற்சி. தடத்துக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம். மேல்ஜெல்லில் 80 வோல்ட், கீழே 120. சாயக்கோடு அடியிலிருந்து அரை செ.மீ. இருக்கையில் நிறுத்துங்கள். கூமாஸி ஆர்-250 சாயம் ஒரு மணி நேரம், பின் வெளுக்கும்வரை கழுவல்.

ஒரே இனத்து ஐசோலேட்டுகளில் இந்த ஜெல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதில் ஏமாற்றம் வேண்டாம். இனங்களைப் பிரிக்கவும் சாறு சிதையாமல் இருக்கிறதா என்று பார்க்கவும் இது நல்லது. பெரிய புரதங்கள் மங்கி அடியில் புகைபோல் தேய்ந்திருந்தால் புரதம் சிதைந்திருக்கிறது. அந்தச் சாற்றை நொதி ஜெல்லில் ஏற்றிப் பயனில்லை. நான் எப்போதும் எஸ்.டி.எஸ். ஜெல்லை முதலில் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

9. நேட்டிவ் ஜெல்: நொதி உயிரோடு ஓட வேண்டும்

இங்கே எஸ்.டி.எஸ். இல்லை, மெர்காப்டோஎத்தனால் இல்லை, கொதிக்கவைப்பதும் இல்லை. 8 சதவீதக் கீழ்ஜெல் 10 மி.லி.க்கு நீர் 4.7, அக்ரிலமைடு 2.7, டிரிஸ் 2.5, பெர்சல்ஃபேட் 0.1 மி.லி., டெமெட் 6 மைக்ரோலிட்டர். முந்தின மாலையே ஊற்றிக் குளிரில் வைத்தால் மிச்சமிருக்கும் பெர்சல்ஃபேட் அடங்கும். அது நொதிகளை ஆக்சிஜனேற்றம் செய்யக்கூடியது.

தொட்டி, கண்ணாடி, சீப்பு எல்லாவற்றையும் எஸ்.டி.எஸ். போகும்வரை கழுவுங்கள். முடிந்தால் நேட்டிவுக்கென ஒரு தொட்டியைத் தனியாக வைத்துவிடுங்கள். ஒரு துளி எஸ்.டி.எஸ். மிச்சமிருந்தாலும் சாயத்தில் வெறும் ஜெல்தான் மிஞ்சும்.

குளிர் அறையில், அல்லது தொட்டியைச் சுற்றி ஐஸ் நிரப்பி ஓட்டுங்கள். தடத்துக்கு 50 மைக்ரோகிராமில் தொடங்கலாம். பக்கத்தில் மூலக்கூறு எடைக் குறிப்பானை ஏற்றி எடை எழுதுவது அடிக்கடி காணும் பிழை. இந்த ஜெல்லில் ஓட்டத்தை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை, மின்னூட்டமும் வடிவமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

10. நொதிச் சாயம்

எஸ்டரேஸிலிருந்து தொடங்குங்கள். பட்டைகள் அதிகம், வேறுபாடும் அதிகம். ஓடிய ஜெல்லை 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில், பி.எச். 6.2 அளவில், 20 நிமிடம் ஊறவையுங்கள். ஜெல்லின் உள்ளே 8.8 இருக்கிறது, அது இறங்காமல் சாயம் ஒழுங்காகப் பிடிக்காது. 50 மி.கி. ஆல்ஃபா நாஃப்தைல் அசிடேட்டை 2 மி.லி. அசிட்டோனில் கரைத்து, 100 மி.லி. அதே பஃபரில் விடுங்கள். 100 மி.கி. ஃபாஸ்ட் புளூ ஆர்.ஆர். சேர்த்துக் கலக்கி, வடிகட்டி, உடனே ஜெல்மேல் ஊற்றுங்கள். 37 டிகிரி, இருட்டு, 20 முதல் 30 நிமிடம்.

முதல் ஐந்து நிமிடத்தில் மஞ்சள் திரவத்தின் அடியில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு தடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு, அடுத்து பக்கத்துத் தடத்தில் சற்றுக் கீழே இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் வரிசை முழுதும் காப்பிப் பொடி நிறத்தில் ஏறி நிற்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருங்கள். பின்னணி கறுக்கும் முன் 7 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நிறுத்த வேண்டும். ஊற்றும் முன்பே கரைசல் பழுப்பாக இருந்தால் ஃபாஸ்ட் புளூ கெட்டுப்போனது. அதை ஊற்றி ஜெல்லை வீணாக்க வேண்டாம்.

மாலேட் டிஹைட்ரஜனேஸுக்கு டிரிஸ் பி.எச். 8.0, மாலிக் அமிலம், என்.ஏ.டி., என்.பி.டி., பி.எம்.எஸ். நீலப் பட்டை வரும். மாலிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலைப்படுத்தாமல் விட்டால் பி.எச். சரிந்து ஒன்றுமே வராது. ஜெல்லில் ஒரு துண்டை வெட்டி, மாலேட் இல்லாத கரைசலில் போடுங்கள். அதிலும் வரும் பட்டையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அமில பாஸ்படேஸுக்கு அசிடேட் பஃபர் பி.எச். 5.0, ஆல்ஃபா நாஃப்தைல் பாஸ்பேட், ஃபாஸ்ட் கார்னெட். சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸில் எல்லாம் தலைகீழ்: என்.பி.டி., ரைபோஃபிளேவின், டெமெட் ஊறிய ஜெல்லை விளக்கடியில் வைத்தால் ஜெல் நீலமாகும், நொதி உள்ள இடம் மட்டும் வெளுத்திருக்கும். பெராக்சிடேஸில் ஹைட்ரஜன் பெராக்சைடு இல்லாத துண்டு ஒன்றும் வேண்டும். அதிலும் நிறம் வந்தால் நீங்கள் பார்ப்பது, பெராக்சைடு இல்லாமலே நிறம் தரும் லாக்கேஸ் என்ற வேறொரு நொதியாக இருக்கலாம்.

எத்தனை நொதி போதும்? எஸ்டரேஸ் மட்டும் வைத்து முடிவு சொல்வதை நான் ஏற்பதில்லை. வளர்ப்பு நிலைக்கு அதிகம் ஆடுவது அதுதான். குறைந்தது மூன்று நொதிகள், அவற்றில் ஒன்று மாலேட் டிஹைட்ரஜனேஸ் போல அன்றாட வளர்சிதை மாற்றத்தில் இருப்பது.

11. பட்டையைப் படிப்பதும் கணக்கும்

ஜெல்லை வெள்ளை ஒளிப்பெட்டியில் அளவுகோலோடு படம் எடுங்கள். பட்டை ஓடிய தூரத்தைச் சாயக்கோடு ஓடிய தூரத்தால் வகுத்தால் ஆர்.எஃப். மதிப்பு. பட்டை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. அடர்த்தியைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்று குடுவைகளில் மூன்றிலும் வந்த பட்டைக்கு மட்டுமே 1. எந்தத் தடம் எந்த ஊர் மண் என்று தெரியாத இன்னொருவரை விட்டுத் தனியாகப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். நாம் எதிர்பார்க்கும் இடத்தில் நம் கண்ணுக்கு மட்டும் பட்டை தெரியும்.

இங்கே ஒரு உயிரியல் குறிப்பு உதவும். டிரைக்கோடெர்மா, ஃபியூசேரியம் போன்றவை வளரும் நிலையில் ஒற்றைமயத் தொகுதி கொண்டவை, அதாவது ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரு பிரதி மட்டும் உள்ளவை. செடியில் போல இரு பெற்றோர் வடிவமும் சேர்ந்து ஒரு மரபணு இடத்திலிருந்து இரு பட்டை வருவதை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். எஸ்டரேஸில் பல பட்டை வருவது பெரும்பாலும் பல மரபணுக்களால். ஒரு இடத்தின் இரு வடிவங்களும் ஒரே தடத்தில் தென்பட்டால் கலப்பு வளர்ப்பா என்று முதலில் சந்தேகியுங்கள்.

ஒப்புமைக்கு ஜக்கார்டு குணகம் எடுங்கள். இரண்டுக்கும் பொதுவான பட்டை 6, முதலாவதில் மட்டும் 2, இரண்டாவதில் மட்டும் 1 என்றால் 9-ல் 6, அதாவது 0.67. இரண்டிலும் இல்லாத பட்டையை இது ஒற்றுமையாக எண்ணாது. பட்டை இல்லாமல் போகப் பல காரணம் இருப்பதால் அதுவே நியாயம். கிளைப்படத்தை, சராசரி ஒப்புமையை வைத்துக் குழு சேர்க்கும் யு.பி.ஜி.எம்.ஏ. முறையில் ‘பாஸ்ட்’ என்ற இலவச மென்பொருளிலேயே வரையலாம். முதலில் மேற்கோள் ஐசோலேட்டின் எல்லாத் தொகுதிகளையும் தனித்தனி வரிசையாகச் சேர்த்து ஒரு படம் வரையுங்கள். அவை ஒரே புள்ளியில் கூடாமல் 0.85-ல் கூடினால், 0.85-க்கு மேல் கூடும் வேறு எந்த இரண்டையும் ‘வேறு’ என்று சொல்ல உங்கள் தரவுக்கு வலு இல்லை.

12. கெட்டுப்போன ஜெல்லில் எங்கே தேடுவது

பட்டைகள் சிரிப்பதுபோல வளைந்தால் ஜெல் சூடேறியது, மின்னழுத்தத்தைக் குறையுங்கள். தடத்தில் நெடுக்குக் கோடுகள் விழுந்தால் சாறு தெளியவில்லை, பூசணத்தின் பிசின் சர்க்கரைகள் மிச்சம், மறுபடி சுழற்றுங்கள். கிணற்றிலேயே எல்லாம் தங்கினாலும் அதே காரணம். ஜெல் முழுதும் வெறுமை என்றால் முதலில் மேற்கோள் தடத்தைப் பாருங்கள். அதுவும் வெறுமை என்றால் சாயமோ எஸ்.டி.எஸ். மிச்சமோ காரணம். அது மட்டும் நன்றாக இருந்தால் உங்கள் சாறு இறந்துவிட்டது.

முடிந்த ஜெல்லை இரண்டு செல்லோபேன் தாளுக்கிடையே கட்டி உலர்த்தி, நோட்டில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே ஊடகப் பெட்டியின் தொகுதி எண், குடுவை போட்ட நாளும் மணியும், அறுவடை மணி, அந்த வாரத்து இன்குபேட்டர் வெப்பம் ஆகியவற்றை எழுதுங்கள். குழுவுக்கு ஒன்றாகத் தேர்ந்த ஐசோலேட்டுகளை, அந்த ஜெல்லுக்கு வளர்க்க எடுத்த அதே சாய்வுக் குழாயிலிருந்தே டி.என்.ஏ.வுக்கு எடுத்து அனுப்புங்கள்.